ஒந்து சாக்கு

7-12-87, திங்கள்
குளிர். கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜன்னல் மட்டும் மூட மாட்டேன் என்கிறது. எனக்கென்று அதன் அடியில்தான் இடம் கிடைக்கும். பிளேட்டிங் பிரிவில் மூன்றாம் தொட்டி காலையிலிருந்து மக்கர். எப்போதும் வைக்கும் வோல்ட்டேஜ்தான், ஆனால் அம்மீட்டர் முள் ஏற மறுக்கிறது. போல்ட்டுகளில் துத்தநாகப் பூச்சு திட்டுத்திட்டாக வருகிறது. கெமிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டதால் நான்தான் பார்க்க வேண்டும்.

8-12-87
கேட்டில் ஹெல்ப்பர் கருப்பசாமியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகள். ஓசூருக்கு வந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. பைக்குள் தொட்டியில் போடும் துத்தநாக உப்பு வரும் சாக்கு, காலியாக. தரை சில்லிடுகிறது, பிள்ளைகளுக்கு விரிக்க எடுத்தேன் என்றார். ஸ்டோரில் ஒரு மூட்டை குறைகிறது. மேனேஜர் கோவிந்தப்பன் உடனே முடிவு கட்டிவிட்டார்: உப்பை வெளியே விற்றுவிட்டான், தொட்டியில் விழவில்லை, அதனால்தான் கரண்ட் குறைகிறது. சனிக்கிழமை வேலையை விட்டு எடுத்துவிட்டுப் போலீசுக்கும் சொல்லப் போகிறாராம்.

"உப்பைப் பூராத் தொட்டியிலதான் கொட்டுனேன் மேடம். ராஜப்பண்ணன்தான் ஒரு சாக்கு போடச் சொன்னாரு."

ஆபரேட்டர் ராஜப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லில் இருந்து வருபவர். மூட்டை என்ற பேச்சையே எடுக்கவில்லை, ஒரு பிளாஸ்டிக் மக் அளவு போதும் என்றுதான் சொன்னேன் என்று சத்தியம் செய்கிறார். மேனேஜருக்குச் சிரிப்பு வேறு. சாக்கு எதற்கு என்று கேட்டால் சாக்குச் சொல்கிறான் என்றார்.

9-12-87
தொட்டியில் உப்பு எவ்வளவு என்று பார்க்க டைட்ரேஷன் செய்தேன். நம்பாமல் மறுபடியும் செய்தேன். துத்தநாகம் குறையவில்லை, தாறுமாறாகக் கூடியிருக்கிறது. உப்பு தொட்டியில்தான் இருக்கிறது.

மேனேஜர் பியூரெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உப்பு கூடுனா கரண்ட் கூடணும், வஜிஹா. பத்தாங்கிளாஸ் பையனுக்கே தெரியும். உன் கண்ணாடிக் குழாய் பொய் சொல்லும், அம்மீட்டர் சொல்லாது."

எரிச்சலாக வந்தது. என்னை நிரந்தரம் செய்வது இந்த மாதம் அவர் கையில் இருப்பதால் எரிச்சலை விழுங்கிக்கொண்டேன்.

10-12-87
அவர் சொன்னது ஓரளவு சரி. அதுதான் தொல்லை. உப்பு கரைந்தால் அயனிகளாகப் பிரியும். நேர் அயனி ஒரு பக்கம், எதிர் அயனி மறுபக்கம் போகும். அந்தப் போக்குவரத்துதான் கரண்ட். ஆள் கூடினால் அதுவும் கூட வேண்டியதுதானே?

ஆனால் எந்த அயனியும் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு நேர் அயனியைச் சுற்றியும் எதிர் அயனிகளின் கூட்டம் மொய்க்கிறது. அது முன்னே நகர்ந்தால் கூட்டம் உடனே கூட வராது. பிந்தி நின்று பின்னால் இழுக்கும். கரைசல் கெட்டியாக ஆக இந்த இழுப்பு கூடும். ஜோடி சேர்ந்துகொண்டு எதையும் சுமக்காமல் சும்மா திரிபவையும் உண்டு. ஓர் அளவைத் தாண்டிவிட்டால் உப்பு கூடக் கூடக் கரண்ட் குறையும். திங்கட்கிழமைக் காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி — எல்லாரும் போக வேண்டியவர்கள், யாராலும் நகர முடியாது.

இந்த இழுப்புக்கு எம்.எஸ்ஸி.யில் எழுதிய சமன்பாடு நீர்த்த கரைசலுக்குத்தான் பொருந்தும். எங்கள் தொட்டி கஞ்சி. இருந்தாலும் இழுப்பு இழுப்புதான்.

தண்ணீர் விட்டால்? உப்பு குறைவு என்றால் கரண்ட் இன்னும் விழும். அதிகம் என்றால் ஏறும். அனுமதி கேட்டால் தர மாட்டார். கேட்கப் போவதில்லை.

11-12-87
ஏறியது.

தொட்டியில் கால்வாசியை இறைத்துவிட்டுத் தண்ணீர் விட்டேன். மேனேஜர் வந்தபோது முள் ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து அம்மீட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப திருடல. வேணும்னே கொட்டியிருக்கான்."

நாளைக்குச் சனிக்கிழமை. ஒரு குழியிலிருந்து தூக்கி இன்னொரு குழியில் தள்ளுகிறார். இதுக்கு மேல நான் என்னதான் பண்றது?

12-12-87, சனி
காலையில் வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் வந்திருந்தார். அக்கா அஸ்மத் அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றப் போனாள். அவர் டம்ளரைக் கையால் மூடினார். "சாக்கு, அஸ்மத், சாக்கு."

கன்னடத்தில் 'போதும்'. தினமும் காதில் விழுகிற சொல். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடினேன்.

மேனேஜர் முன்னாலேயே கருப்பசாமியிடம், ராஜப்பன் சொன்னதை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

"'ஒந்து சாக்கு'ன்னாரு மேடம். ஒந்துன்னா ஒண்ணு, இங்க வந்து கத்துக்கிட்டேன். சாக்கு எனக்குத் தெரியாதா?"

ராஜப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மக்கைத் தூக்கிக் காட்டித்தான் சொன்னாராம்: ஒன்று போதும். கோவிந்தப்பன் வீட்டிலும் கன்னடம்தான்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். தமிழ் எழுத்தில் கன்னடச் சாக்குக்கும் நம் சாக்குக்கும் வித்தியாசமே இல்லை.

19-12-87
கருப்பசாமிக்கு வேலை உண்டு. எனக்குப் பயிற்சிக் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு — அனுமதி இல்லாமல் தொட்டியில் தண்ணீர் விட்டதற்காக. விட்டது உண்மைதான்.

4-1-88
கேட்டில் கருப்பசாமியின் டிபன் டப்பாவை மட்டும் இன்னும் திறந்து பார்க்கிறார்கள். கேன்டீனில் அவர் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ராஜப்பனும் தூரத்திலேயே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். கூட்டம் பிந்தி நின்று இழுக்கும் என்று நான்தான் எழுதினேன். அயனிக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. இவருக்கு எவ்வளவு நாளோ.

14-3-88, திங்கள்
மூன்றாம் தொட்டி ஒழுங்காக ஓடுகிறது. கேன்டீனில் கத்தரிக்காய்க் குழம்பு. ராஜப்பன் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கருப்பசாமிக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு களி உருண்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தார். இரண்டாவதை எடுத்தபோது கருப்பசாமி தட்டைக் கையால் மூடினார்.

"ஒந்து சாக்கு."

"போதுமா?" என்றார் ராஜப்பன், தமிழில்.