மஞ்சள் வைத்த பழைய கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் ஸ்வர்ணலதா வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முதுகுவலி குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் நலமாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

டெல்லிக் குளிருக்கு ஆன்லைனில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். யாரோ போட்டுவிட்டு விற்றது. பட்டுத்தறி முதலாளி வீட்டில் கொடுத்த பழைய பாவாடையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. "ஊரான் கழட்டிப் போட்டத என் பசங்க தொடவே கூடாது" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தாய். நான் அதை மறக்கவில்லை. ஆனால் இதை யார் வாசலிலும் நின்று வாங்கவில்லை அம்மா, எனக்குப் பிடித்ததைத் தேடி எடுத்தேன். நல்ல துணியைக் குப்பையில் போடுவதுதான் அசிங்கம். ஆபீஸில் இதைப் பூமியைக் காக்கும் செயல் என்று பாராட்டினார்கள். நீ போட்டபோது ஒருவரும் பாராட்டவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பார்சலைப் பிரித்ததும், புதுத்துணிக்கு வைக்கிற பழக்கத்தில் காலரில் மஞ்சள் வைத்துவிட்டேன். அப்புறம் போட்டுப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. கறை பட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். என் அறையில் இருக்கும் சேவூர் லாவண்யா, "பழசுக்கு எவளாவது மஞ்ச வெப்பாளாடி?" என்று இன்னும் சிரிக்கிறாள்.

களம்பூர் அரிசி இரண்டு கிலோ அனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. கோபம் இருந்தால் போன் போட்டுத் திட்டு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் ஸ்வர்ணா