அரை மில்

செப்டம்பர் 6, செவ்வாய்

பஸ் வரிக்கான பிரசாரக் குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டதாக, அதை நடத்தும் டோன்யா மதியம் வந்து சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். எனக்கு மறுத்துப் பழக்கமில்லை. ஆகவே நவம்பர் எட்டாம் தேதி வாக்கெடுப்பு வரை இந்த நோட்டில் எதைப் பற்றியெல்லாம் எழுதுவேன் என்று வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. என்ன கேட்கிறோம். சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஐம்பது சென்ட். வரிக்கணக்கில் ஆயிரத்துக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில்; நாங்கள் கேட்பது அரை மில். மாவட்டத்து மக்கள் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடும். இல்லை என்றால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் பிறகு எந்தக் கிழமையும் ஓடாது.

2. எனக்கு ஏன் வேண்டும். என் மனைவி வெர்னா ஆற்றுக்கு அக்கரையில், பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். கண் மங்கியதால் என் ஓட்டுநர் உரிமம் போய்விட்டது. நான் அவளிடம் போகப் பஸ் வேண்டும். அவ்வளவுதான்.

3. எங்கே ஜெயிப்போம். நகரத்தில். ஆட்டர் பெண்ட் கிராமத்தை விட்டுவிடலாம். அங்கிருந்த காகித ஆலை மூடிய பிறகு அவர்கள் எந்த வரிக்கும் சரி என்று வாக்களித்ததில்லை.

4. நான் எதற்குப் பயன்படுவேன். வரைபடம், பட்டியல், வாசகம். கதவைத் தட்டுவதற்கு அல்ல.

செப்டம்பர் 9, வெள்ளி

வெர்னாவிடம் சொன்னேன். பக்கவாதம் அவளுடைய இடது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. நாக்கைத் தொடக்கூட இல்லை.

“நீ போய் ஓட்டுக் கேக்கப் போறியா? தெரியாதவங்க மணி கேட்டாலே வாட்ச்சைக் கழட்டிக் குடுத்துட்டு ஓடிருவியே.”

வாசகம் மட்டும்தான் எழுதுகிறேன் என்றேன்.

“அதான பாத்தேன்.”

செப்டம்பர் 14, புதன்

வாசகம் முடிந்தது. பதினேழு முறை எழுதி அடித்தேன்.

அரை மில் — முழு வாரமும் பஸ்.

இதில் எடுப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை என்று நினைக்கிறேன். டோன்யாவுக்கும் பிடித்திருக்கிறது. அவள் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவள்; கார் கிடையாது. ஞாயிறுகளில் ஏழு மைல் நடந்தோ, யாரிடமாவது கெஞ்சியோ போகிறாள். பார்க்கப்போனால் என்னைவிட அவளுக்குத்தான் இது அவசரம்.

செப்டம்பர் 23, வெள்ளி

வீட்டு முற்றங்களில் நடும் அட்டைகள் அச்சாகி வந்து ஒரு வாரம். ஒரு வேடிக்கை: ஆட்டர் பெண்டின் பெட்ரோல் பங்க்கில் டோன்யா சும்மா பத்து அட்டை வைத்துவிட்டு வந்தாள். அதே நாளில் தீர்ந்துவிட்டதாம். இன்னும் நாற்பது கேட்கிறார்கள்.

என் வாசகத்துக்கு இவ்வளவு சக்தியா? கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அக்டோபர் 1, சனி

பெருமை போயிற்று.

காலையில் ஆட்டர் பெண்டிலிருந்து ரோலி காஸ்பர்சாக் தொலைபேசியில் அழைத்தார். காகித ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். நான் மாவட்ட நில அளவையாளராக இருந்த காலத்துப் பழக்கம்.

“அளவைக்காரரே, பாதி மில்லைத் தொறக்கப் போறீங்களாமே. அட்டையில போட்டிருக்கு. ஷிப்டுக்கு ஆள் ஏத்த ஏழு நாளும் பஸ்ஸாம். ஆள் எடுக்குறது எப்பன்னு மட்டும் சொல்லுங்க, என் மருமகன் கேக்குறான்.”

உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆலையின் கிழக்குப் பாதியை இடித்து ஒன்பது வருடம் ஆகிறது. மேற்குப் பாதி அப்படியே நிற்கிறது. அரை மில்! அந்த இடத்தை என் கையால் அளந்தவன் நான். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

அது வரியின் அளவு, ஆலை இல்லை என்று விளக்கினேன்.

“வரி மில்லேஜ்னு போட்டிருந்தா புரிஞ்சிருக்கும். மில்லுன்னா எங்க ஊருல ஒண்ணுதான். அப்ப இது வரியா?”

“வரிதாங்க.”

வைத்துவிட்டார்.

அக்டோபர் 2, ஞாயிறு

டோன்யா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

“நாம ஒரு பொய்யும் சொல்லல எல்வுட். அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. அந்த ஊருல நூத்தி எழுபது ஓட்டு இருக்கு, நமக்கு ஒவ்வொண்ணும் வேணும். பஸ் நின்னுபோச்சுன்னா வெர்னாவ எப்படிப் போய்ப் பாப்பீங்க? அதையும் யோசிங்க.”

யோசிக்கிறேன். வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

அக்டோபர் 5, புதன்

எழுதியது நான். போய்ச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

அக்டோபர் 8, சனி

பஸ்ஸில் ஆட்டர் பெண்ட். பதினோரு வீடு. சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் வீட்டிலேயே சீட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

மூன்றாவது வீடு திருமதி ரூஸ்காவுடையது. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எண்பத்தெட்டுல எங்க வேலிய ரெண்டடி உள்ள தள்ளச் சொன்னது நீங்கதான?”

“ஆமாம்மா.”

“எம் புருஷன் சாகுற வரைக்கும் உங்களத் திட்டுனார்.”

“அளவு சரியாத்தாம்மா இருந்துச்சு.”

“சரின்னு அவருக்கும் தெரியும். அதான் திட்டுனார். இப்ப எதை அளக்க வந்திருக்கீங்க?”

சொன்னேன். ஆலை திறக்காது, தவறு என்னுடையது, இது வரி, கேட்பது பஸ்ஸுக்காக. எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எதுல வந்தீங்க?”

“பஸ்ஸுலதான்.”

முற்றத்திலிருந்த அட்டையைப் பிடுங்கி விறகுக் குவியல்மேல் வைத்தார். பிறகு உள்ளே போய், வீட்டில் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு கொண்டுவந்தார். நின்றபடியே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அக்டோபர் 15, சனி

இன்று ரோலி தானாக வந்து சேர்ந்துகொண்டார். அவர் தட்டுவார், நான் பேசுவேன்.

“எழவு வீட்டுல பேசுற மாதிரி பேசுறீங்க. கொஞ்சம் சத்தமா பேசுங்க. காது கேக்காத ஆளுங்க பாதிப் பேரு, காகித மெஷின்ல போனது.”

ஒரு கதவு முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. ஒருவர், இருபது வருடத்துக்கு முன்னால் வந்து சொல்லியிருந்தால் ஆலையையே காப்பாற்றியிருக்கலாமே என்றார். பத்தொன்பது வீடு.

திரும்பும்போது, வரிக்கு எதிராகத்தான் வாக்களிக்கப்போவதாக ரோலி சொன்னார். அப்புறம் எதற்கு என்னோடு நடக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இல்லைன்னு ஓட்டுப் போட்டாலும் எதுக்கு இல்லைன்னு தெரிஞ்சு போடணும்ல?”

அக்டோபர் 24, திங்கள்

அறுபத்து மூன்று வீடுகளும் முடிந்தன. முற்றங்களிலிருந்த அட்டைகளில் முக்கால்வாசியைப் பிடுங்கிவிட்டார்கள். முழங்கால் வலிக்கிறது. டோன்யா என்னோடு அதிகம் பேசுவதில்லை, ஆனால் வலிக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது: இந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

நவம்பர் 8, செவ்வாய்

வாக்களித்தேன். நம் கேள்வி வாக்குச்சீட்டின் பின்பக்கம், கடைசியில். மழை.

நவம்பர் 9, புதன்

மாவட்டம் முழுக்க எண்ணி முடித்ததில் முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம். காலை உணவு நேரத்தில் டோன்யா அழைத்தாள்.

“ஆட்டர் பெண்டுல சரி எழுபத்தொண்ணு. இல்லை தொண்ணூத்தி நாலு.”

“அங்க தோத்துட்டமே.”

“எழுபத்தொண்ணு, எல்வுட்,” என்று மறுபடியும் சொன்னாள். பிறகு அழுதாள். எனக்குக் கழித்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது: அந்த எழுபத்தொன்று இல்லையென்றால் தோற்றிருப்போம்.

மதியம் ரோலி. “நான் இல்லைன்னுதான் போட்டேன், பாத்துக்கங்க. சந்தேகப்படுறதுன்னா ரூஸ்காம்மாவப் படுங்க.”

ஜனவரி 8, ஞாயிறு

முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ். போன ஞாயிறு புத்தாண்டு விடுமுறை.

பத்து நாற்பது பஸ்ஸுக்குப் பத்து மணிக்கே நூலக நிறுத்தத்தில் நின்றேன். வெர்னாவுக்குக் கம்பளிச் சட்டை, குறுக்கெழுத்துப் புத்தகம். பத்தேகாலுக்கு அக்கரையிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. நான் ஏற வேண்டியது அல்ல என்பதால் ஒதுங்கி நின்றேன். கதவு திறந்து சாய்பலகை இறங்கியது. சக்கர நாற்காலியில், சிவப்புத் தொப்பியோடு, வெர்னா.

“என்ன முழிக்கிற? உனக்கு மட்டுந்தான் கிளம்பத் தெரியுமா?”

“நீ எங்கிட்ட சொல்லவேயில்லையே.”

“நீ கேக்கவேயில்லையே. கிழமை நாள்ல மத்தியானமே வந்து நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிற. நான் எப்பக் கிளம்புறது? பதினாலு மாசமா அந்த ஜன்னலையே பாத்துட்டிருக்கேன்.” ஓட்டுநரைக் காட்டினாள். “இவரு நாற்காலியப் பொறுமையா கட்டி வைக்கிறாரு. ஏறு. இந்த பஸ் எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் போயிட்டு, கடைசியா பேன்கேக் சாப்பிடலாம்.”

முழுச் சுற்றும் போனோம். ஆட்டர் பெண்டில் நான்கு பேர் ஏறினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். யாரென்று வெர்னா கேட்டாள். முப்பத்திரண்டாவது வீடு என்றேன். கடைசியில் பேன்கேக் சாப்பிட்டபோது சிரப் அவள் தொப்பிவரை போயிற்று. மூன்று மணி பஸ்ஸில் திரும்பிப் போனாள். அடுத்த ஞாயிறும் வருவாளாம். நான் வீட்டில் காபிக்கு வெந்நீர் போட்டு வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமாம்.

நான் அவளிடம் போகத்தான் பஸ் என்று செப்டம்பரில் இரண்டாவதாக எழுதியிருந்தேன். அது தவறு.