மீன்கடைப் பையில் போட்ட ஆற்றுமீன்

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.
12.11.2006

என் அன்பு மகள் நிரஞ்சனிக்கு,

நீயும் மருமகன் வசீகரனும் சின்னவன் டினோஜனும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. எட்மன்ரனில் இப்போதே பனி கொட்டுகிறது என்று ரீவியில் காட்டினார்கள். சின்னவனுக்குக் காதை மூடித் தொப்பி போட்டுவிடு. இங்கே அப்பாவின் முதுகு நோ வழக்கம்போலத்தான். மேல்வீட்டுக்காரர் குழாயைப் பூட்ட மறந்து எங்கள் குசினிக் கூரை ஊறிப்போய்க் கிடக்கிறது. வீட்டுச் சொந்தக்காரன் நாளைக்கு, நாளைக்கு என்று பேய்க்காட்டுகிறான்.

ரெலிபோன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வாயில் வருகிறது, மகள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ அழுதழுது கேட்டாய். வருகிற தையோடு பிள்ளைக்கு இரண்டு வயது, இன்னும் ஒரு சொல் வரவில்லை, கூப்பிட்டாலும் திரும்புகிறானில்லை, வயிற்றில் இருந்தபோது என்ன சாப்பிட்டனீங்கள் என்று டொக்டர் கேட்கிறார், அம்மா நீங்கள் எனக்கு ஆற்றுமீன் தந்தனீங்களோ என்று. நான் உன்மேல் பாய்ந்தேன். எனக்கென்ன விசரோ, எல்லாம் ஜோன் ரலோன் மீன்கடையில் வாங்கினது என்று கத்திப்போட்டு ரெலிபோனை வைத்தேன். அது பச்சைப் பொய். ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

லஷீன் ஆற்றங்கரை உனக்கு மறந்திருக்காது. நாங்கள் வந்த முதல் கோடை, உனக்கு ஒன்பது வயது. அப்பா சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிய காலம். திங்கட்கிழமைதான் அவருக்கு லீவு. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, நீ வாளியைத் தூக்க, இரண்டு பஸ் மாறிப் போவோம். கிழமை முழுக்கக் கதை பேச்சில்லாமல் இருந்த மனிதர், தூண்டிலைப் போட்டதும் பாட ஆரம்பித்துவிடுவார். தூரத்தில் கப்பல் போனால் நீ எழும்பி நின்று கை காட்டுவாய். சென் லோரன்ஸ் எவ்வளவு பெரிய ஆறு! அந்தக் காற்றில் இருந்தால் வழக்கு, விசா, கடன் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது. என் சீவியத்தில் நான் சந்தோசமாக இருந்த நாட்கள் அவைதான் என்று இப்பவும் சொல்லுவேன்.

பக்கத்தில் ஹென்றி என்று ஒரு கெபெக் கிழவர் மீன் பிடிப்பார். இரண்டு பக்கத்துச் சதையையும் சீவி எடுத்துக்கொண்டு தலை, தோல், குடல், ஈரல் எல்லாவற்றையும் எறிவார். எனக்கு வயிறு எரியும். தலையைக் கேட்டு வாங்கி வா என்று, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த உன்னை அனுப்பினேன். அவர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். கொழுப்பும் ஈரலும் சாப்பிடக் கூடாதாம் அம்மா, ஆறு பழுதாம் என்று நீ வந்து சொன்னாய். வெள்ளைக்காரனுக்கு மீன் சாப்பிடத் தெரியாது, நீ வாங்கி வா என்று உன்னைத் திருப்பி அனுப்பினேன். அப்பாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பேந்து, கலியாணம் முடித்துப் போன நீ தலைப்பிள்ளைப் பேற்றுக்கு எங்களிடம் வந்தாய். ஆற்றுமீன் வேண்டாம் என்று நேர்ஸ் சொன்னதாக முதல் நாளே சொன்னாய். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஐஸில் கிடந்த மீனைக் கொடுப்பதா என்று எனக்கு மனம் வரவில்லை. அப்பா பிடித்து வந்ததை மீன்கடைப் பையில் போட்டு, நீ பார்க்கிற இடத்தில் வைத்தேன். நேர்ஸ் சொன்னதை அவரிடம் மறைத்தேன். சதையை அவருக்குப் பொரித்துவிட்டு, தலை, சினை, ஈரல் எல்லாம் போட்டு எண்ணெய் மிதக்க மிதக்க உனக்குத்தான் சொதி வைத்தேன். நல்லதெல்லாம் உனக்கு என்று நினைத்தேன், மகள்.

புதன்கிழமை எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த அனோஜினி வந்தாள். தண்ணீர் பரிசோதிக்கிற இடத்தில் வேலை செய்கிற பிள்ளை. யாரோ ஒருத்தியின் கதை மாதிரி அவளிடம் விசாரித்தேன். ஆறு அமெரிக்காவும் கனடாவும் பங்குபோட்ட ஏரிகளில் இருந்து வருகிறதாம். இரண்டு பக்கத்துத் தொழிற்சாலைகளும் ஒரு காலத்தில் பாதரசத்தையும் ட்ரான்ஸ்போமர் எண்ணெயையும் அதற்குள் விட்டனவாம். வயலுக்கு அடித்த மருந்தும் வருமாம். மழை பெருத்தால் எங்கள் நகரத்துச் சாக்கடையும் சேருமாம். சேற்றில் படிந்த நஞ்சு சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்ற பெரிய மீனில் கூடி, பாதரசம் சதையிலும் மற்றது கொழுப்பிலும் ஈரலிலும் தங்குமாம். அமெரிக்காவில் இருந்து நாங்கள் வந்தபோது எல்லையில் இருத்திவைத்து உன் பொம்மையின் வயிற்றைக்கூட அமத்திப் பார்த்தார்கள். இந்த ஆற்றை ஒருவரும் மறிக்கவில்லை!

அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று ஒருவராலும் அறுதியாகச் சொல்ல ஏலாதாம். ஆனால் டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டுமாம். எழுதிக்கொள். 2004 ஆடியில் இருந்து ஐப்பசி வரை கிழமைக்கு இரண்டு தரம். பிறகு பிறீசரில் வைத்தது, நீ ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை கிழமைக்கு ஒரு தரம். விலாங்கும், டோறே என்று இங்கே சொல்கிற பெரிய மீனும். பிள்ளை பிறந்த பிறகு பால் ஊறட்டும் என்று இன்னும் ஒரு மாதம்.

அப்பாவை ஏசாதே. நேற்றுத்தான் அவருக்குச் சொன்னேன். எழும்பிப் போய்த் தூண்டிலை முறித்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார்.

இந்தக் கடிதத்தை மருமகனுக்கு ஒளிக்காதே. டொக்டருக்கு இங்கிலிசில் சொல்லிக் காட்டு. என்ன பரிசோதனை எடுக்கச் சொன்னாலும் எடு. அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஒன்று மட்டும் செய், ராசாத்தி. சின்னவன் உன்னை அம்மா என்று கூப்பிடுகிற அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒருக்கால் ரெலிபோன் எடு. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடி, போதும்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் சீலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
சிசிலி