செயலியில் பட்டுப்போன கன்றுகள்

மேல்கொட்டாய்,
இண்டூர் வழி,
தருமபுரி மாவட்டம்.
9.11.2025

அன்புள்ள மகள் எழிலரசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம்தான். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவின் முழங்கால் வலி மழைக்காலத்துக்கு உரிய அளவில் இருக்கிறது. ஹாம்பர்க்கில் குளிர் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன், நீ உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில் மற்றவற்றை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், உன் ஆய்வுக்காகக் கேட்பதாகச் சொல்லி, நம்ம பக்கத்து ஜனங்களுக்குச் சுற்றுச்சூழல் மேல அக்கறை இருக்குதாப்பா, அரசாங்கம் கொண்டுவர்ற திட்டங்களைப் பத்தி என்ன நினைக்கறாங்க என்று கேட்டாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அம்மா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, அங்கே நல்ல இட்லி அரிசி கிடைக்கிறதா என்ற விசாரணைக்குப் போய்விட்டாள். அவள் அவ்வளவு அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. உன்னிடம் அவள் மறைத்த செய்தி ஒன்று இருக்கிறது: அவள் மீதும், அவளோடு சேர்ந்து ஊர்ப் பெண்கள் சிலர் மீதும் அரசு மரக்கன்றுகளை அழித்ததாகப் புகார் வந்திருக்கிறது. பதறாதே. முறையாக முதலிலிருந்து சொல்கிறேன், உன் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆகஸ்டு பதினைந்து கிராம சபைக் கூட்டத்தில் பருவநிலை மாற்றம் குறித்து ஒரு தீர்மானம் வாசித்தார்கள். வாசித்தவர் மரம் நடும் திட்டத்துக்குப் பொறுப்பான இளம் அலுவலர். நல்ல படிப்பு, நல்ல குரல், தலையை மட்டும் தாளிலிருந்து நிமிர்த்தவே இல்லை. உலகம் சூடாகிறது என்று அவர் சொன்னதும், ஏரிக்குக் கீழே தக்காளி போடுகிறானே தர்மன், அவன் எழுந்து, அது எங்களுக்குத் தெரியாதுங்களா சார், ஆடியில பெய்யவேண்டியது ஐப்பசியில பெய்யுது, ஐப்பசியில பெய்யவேண்டியது எங்க போச்சுன்னே தெரியல, சூடாவறதை நாங்க பாத்துக்கறோம், ஏரியில தூர் எப்ப வாருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க என்றான். நெகிழிப் பையை ஒழிக்க வேண்டும் என்று அவர் அடுத்த வரியை வாசித்ததும் பக்கத்து வீட்டு ரோசம்மாள் விடவில்லை. மஞ்சப்பை எடுத்துக்கிட்டுத்தான் சார் கடைக்குப் போறேன், ஆனா கடைக்காரன் எண்ணெயை பிளாஸ்டிக் பாக்கெட்டுலதானே குடுக்கறான், மஞ்சப்பையில ஊத்தியா கொண்டாறது என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. அலுவலரும் சிரித்தார், பிறகு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக எழுதிக்கொண்டார். கேட்டவை இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் இல்லை, இரண்டும் நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெறவும் இல்லை. குறிப்பை நான் கேட்டு வாங்கிப் படித்தேன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்கிறவன் நான். கூட்டத்தில் பேசியது ஒன்றாகவும் எழுதியது ஒன்றாகவும் இருந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

செப்டம்பரில் கன்றுகள் வந்தன. வேம்பு, புங்கன், நாவல், எல்லாம் நல்ல கன்றுகள், அதில் குறை சொல்ல முடியாது. நட்ட இடம்தான் தவறு. கரையில் நட்டால் குழி தோண்டக் கல் இடறுகிறது, கூலியும் நேரமும் கூடுகிறது. ஆகவே காய்ந்து கிடந்த ஏரியின் உட்பகுதியில், தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில், மெத்தென்ற வண்டல் மண்ணில் வரிசையாக நட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கன்றையும் கைபேசியில் படமெடுத்து, அது நிற்கும் இடத்தைச் செயலியில் பதிவும் செய்தார்கள். நீர்ப்பரப்புக்குள் மரம் நடுவது தகாது என்று நான் அப்போதே எழுதிக் கொடுத்தேன். மாத இறுதிக்குள் இலக்கை முடித்தாக வேண்டும் சார், வேற இடம் எங்க இருக்குது என்று அந்த இளம் அலுவலர் என்னிடமே கேட்டார். கரையைக் காட்டினேன். கரை வேறு துறையைச் சேர்ந்தது என்றார்.

பிறகு அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஏரிக்கு நல்ல வரத்து, ஊரே குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. தண்ணீர் கன்றுகளின் பாதி உயரத்துக்கு ஏறியது. ஆய்வுக்கு மேலதிகாரிகள் வரும் நாளில் கன்றுகள் மூழ்கியிருந்தால் தனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருமே என்று பயந்து அந்த அலுவலர் என்ன செய்தார் தெரியுமா? மதகைத் திறந்துவிட்டு, அதன் திருகுக் கைப்பிடியையும் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மரத்தைக் காப்பாற்ற ஏரியை வடித்தார், மகளே. பருவநிலை நடவடிக்கை என்ற தலைப்பின் கீழ் இது நடந்தது. தண்ணீர் தர்மனின் தக்காளியை அழுகவைத்துவிட்டு ஓடை வழியே நாகாவதி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் நின்றால்தான் கோடையில் நம் கிணறுகளில் ஊறும். போனால் பங்குனியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு நிற்பது இதே பெண்கள்தான்.

ஊரார் மதகை அடைப்போம் என்றார்கள். கூடாது, அரசு கட்டுமானத்தில் கைவைப்பது குற்றம், முறைப்படி போவோம் என்று தடுத்தவன் நான். திங்கள்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ஏரி ஒரு துறைக்கும், கன்று ஒரு துறைக்கும், மதகுக் கைப்பிடி தற்போதைக்கு ஒரு தனிநபரின் வண்டிக்கும் உரியதாக இருந்ததால், மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. யாருக்கு என்று அதில் இல்லை. அன்று மாலை உன் அம்மா என்னைப் பார்த்து, உங்க மனு போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி மேட்டூரு போய்ச் சேந்துருங்க, நீங்க வூட்லயே உக்காந்து குறுஞ்செய்தி படிங்க என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோசம்மாளோடு போய்விட்டாள்.

அவர்கள் செய்ததைக் கவனமாகப் படி, ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது. முதலில் மதகைத் தொடவில்லை. சேற்றில் இறங்கி ஒவ்வொரு கன்றையும் வேர்மண் உதிராமல் பெயர்த்துக் கொண்டுவந்து, கரையின் மேல் கல்லை உடைத்துக் குழி தோண்டி நட்டு, முள் வைத்துக் கட்டினார்கள். இரண்டு நாள் கூலியில்லா வேலை. மூன்றாம் நாள் உரச்சாக்குகளில் மண் நிரப்பி மதகின் வாயை அடைத்தார்கள். நான் போகவில்லை. மறுநாள் காலை பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் போனேன். மூட்டைகளின் வாய்களைத் தண்ணீர் பக்கம் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் அடுக்கியிருந்தார்கள். மண் கரைந்து கசிந்துகொண்டிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, வாயை மடித்து அடியில் போட்டு, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கச் சொல்லி, நானும் தூக்கினேன். சார் தணிக்கைக்கு வந்துட்டாருடி, இனி மூட்டைக்கெல்லாம் நம்பர் போடுவாரு பாருங்க என்று ரோசம்மாள் கத்த, உன் அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. கசிவு நின்றது.

அடுத்த வாரம் ஆய்வு. செயலி பழைய இடங்களைக் காட்டியது. அங்கே தண்ணீர் இருந்தது, கன்று இல்லை. எல்லாக் கன்றும் பட்டுப்போனதாகப் பதிவாயிற்று. கரையில் துளிர்விட்டு நிற்கின்றனவே, பாருங்கள் என்று தர்மன் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். அவை பதிவில் இல்லாத மரங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகுதான் புகார், பெண்களின் பெயரில், முதல் பெயர் நிர்மலா, உன் அம்மா. இனி உன் ஆய்வில் எழுதிக்கொள். ஜனங்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அரசுக்கும் அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பணம் வருகிறது, கன்று வருகிறது, தீர்மானமும் வருகிறது. ஏரி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டு நடவேண்டும் என்ற ஒரே ஒரு விதி மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரும் வியாழக்கிழமை விசாரணை. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகிற நேரம் என்பதால், உங்க வீட்டம்மா அன்னைக்கு ஊர்லயே இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க சார் என்று அலுவலகத்தில் யோசனை சொன்னார்கள். பொய் வாக்குமூலம் எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கத்தில் எழுதி, புகாரில் விடுபட்டுள்ள என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறேன். உன் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, முதல் மூட்டை நான் போட்டது, உங்க பேரு எனக்கு அப்புறந்தான் வரணும் என்றாள். திருத்தினேன். எழுத்தில் உத்தரவு வந்தால் பணிவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். மூட்டைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் நேற்றுக் கேட்டாள். இன்று காலை நல்லம்பள்ளி போயிருந்தேன். திரும்பும்போது பழைய சாக்குக் கடையில் வண்டியை நிறுத்தி, கிழிசல் இல்லாததாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கிவந்து தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன்.

நாங்கள் சேற்றில் நிற்கும் படத்தை அம்மா உனக்கு அனுப்பினாலும் அனுப்புவாள். விசாரணை முடியும்வரை அதை எங்கும் பதிவிடாதே, அது முறையல்ல. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. உன் உடம்பும் வேலையும் எந்தக் குறையுமின்றி நடக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
இரா. மாதவராஜ்