பங்கர் இறைத்த கிழமை

நவம்பர் 9, திங்கள்

விடிய மழை விட்டது. நல்ல வெயில். முந்தியென்றால் உடுப்புக் காயும் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது வெயில் எறித்தால் குண்டு போடப் பிளேன் வரும், மழை பெய்தால் நாங்கள் பதுங்குகிற பங்கர்க் குழிக்குள் தண்ணீர் வரும். எதைக் கேட்டுக் கும்பிடுவது?

பங்கருக்குள் இடுப்பளவு தண்ணீர். மிதப்பவை: சிரட்டை, ஒரு தவளை, இவருடைய ஒற்றைச் செருப்பு.

இவருக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. ட்ரக்டர் பெட்டியிலிருந்து விழுந்தது. தை பிறக்கும் வரை ஊன்றக் கூடாது என்று முறிவு வைத்தியர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஓடிப்போய் மதகுக்குக் கீழே படுக்கலாம். இவரை வீட்டுப் பங்கர் வாசல் வரைக்கும்தான் என்னால் இழுக்க முடியும், அதற்கு மேல் ஏலாது. ஆகவே பங்கர் காய வேண்டும். வேறு கதை இல்லை.

பின்னேரம் அத்தான் வந்தார். இவருடைய தமையன், வட்டக்கச்சியில் இருக்கிறார். பங்கரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை ட்ரக்டர் பெட்டியோடை வாறன். இவனை ஏத்திக்கொண்டு போறன். நீயும் வா பிள்ளை" என்றார்.

"வயல், மாடு?"

"விட்டிட்டு வா. தண்ணிக்குள்ளையே இவனைப் படுக்க வைக்கப் போறாய்?"

"மெசின் இருக்குது தானே அத்தான். இறைச்சுக் காய வைக்கிறன்."

சிரித்தார். "பொம்பிளை கயிறு இழுத்து மெசின் ஸ்ராட் வந்ததாய் நான் கேள்விப்படேல்லை."

தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கொடுக்கவில்லை. பனங்கட்டி இருந்தது.

நவம்பர் 10, செவ்வாய்

கிணற்றடியிலிருந்து தண்ணீர் இறைக்கிற மெசினை இழுத்துவந்து பங்கருக்கும் வாழைப் பாத்திக்கும் நடுவில் வைத்தேன். முதுகு போய்விட்டது.

பொருளாதாரத் தடை வந்ததிலிருந்து மெசினுக்கும் பெற்றோல் இல்லை. வாசம் மட்டும் காட்ட வேண்டும். சொட்டு விட்டால் எழும்பும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்தச் சொட்டும் மருந்துப் போத்தலின் அடியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

கயிறு இழுத்தேன். தும்மியது, நின்றது. திரும்ப. திரும்ப. உள்ளங்கை உரிந்துவிட்டது. இவர் கட்டிலில் கிடந்தபடி ஜன்னலால், "இஞ்சேரும், பிளக்கைக் கழட்டிப் பாரும்!" கழற்றினால் ஒரே கரி. சாம்பல் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். திரும்பவும் தும்மல்.

மேரியக்கா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டிருக்கிறா. கடல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று நாள் முழுக்க எரிச்சல் அவவுக்கு.

"கையாலை இழுத்தால் வருமே? வள்ளத்து மெசினுக்கு இடுப்பாலை இழுக்கவேணும். தள்ளு."

ஒரே இழுவை. பட பட என்று பிடித்துக்கொண்டது! அத்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் தண்ணீர் வரவில்லை. காற்றைத்தான் இழுக்கிறது. மண்ணெண்ணெய் வீணாகிறது என்று நிறுத்தினோம்.

மாடு கட்டு அறுத்துக்கொண்டு போனது. பிடித்தாயிற்று.

நவம்பர் 12, வியாழன்

மப்பு, மழை இல்லை. பிளேனும் இல்லை. நல்ல நாள். செய்தவை:

– உறிஞ்சும் குழாயில் வெடிப்பு. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றியது.
– குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வில் வைக்கோல் அடைத்திருந்தது. எடுத்தது. இனி அடைக்காமல் மேரியக்கா வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டா. வலைக்கு இப்படி ஒரு வேலை வருமென்று நினைக்கவில்லையாம்.
– பங்கருக்குள் இறங்கி மூலையில் ஒரு குழி. எல்லாத் தண்ணீரும் அதற்குள் வடிய, வால்வ் அதற்குள் இருக்க.
– தவளையை வெளியே விட்டது. திரும்பி வந்துவிட்டது.

பிறகு குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பி, கயிறு. இந்த முறை நான். இடுப்பால். பிடித்தது!

தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இவர் கட்டிலில் எழும்பி இருந்து கத்துகிறார், "வாழைக்கு விடும்! வாழைக்கு விடும், வீணாக்காதையும்!"

வாழைக்கேதான் விட்டேன். சொல்லவும் வேண்டுமா? துலா மிதித்துத் தண்ணீர் கண்ட குடும்பங்கள் நாங்கள். இறைத்த தண்ணீரைப் பாத்திக்குக் காட்டாமல் சும்மா விடக் கை வராது. மத்தியானம் பங்கரின் தரை தெரிந்தது. சேறுதான், ஆனாலும் தரை. இரவு நல்ல நித்திரை.

நவம்பர் 13, வெள்ளி

விடியப் போய்ப் பார்த்தேன். முழங்காலளவு தண்ணீர்.

மழை ஒரு துளி பெய்யவில்லை. எங்கிருந்து வந்தது? திரும்ப இறைத்தேன். வாழைக்கு. பத்து மணிக்குக் காய்ந்தது. பின்னேரம் பார்த்தால் கணுக்காலுக்கு மேல். மண்ணெண்ணெய்க் கான் அடித்தட்டுக்கு வந்துவிட்டது.

இவர் மெதுவாகச் சொன்னார். "அண்ணையோடை போவம்."

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

"என்ன விசர்க் கதை?"

"ஊரை விட்டு இஞ்சை வந்தம். காட்டை வெட்டினம். இனியும் ஆரின்ரையோ வீட்டு விறாந்தையிலை படுக்க என்னாலை ஏலாது."

சொல்லி வாய் மூடவில்லை, சத்தம். பிளேன். பங்கருக்குள் இவரை இறக்க முடியாது, கட்டு நனைந்தால் எல்லாம் போச்சு. கட்டிலுக்குக் கீழே இழுத்துவிட்டு நெல்லு மூட்டைகளைச் சுற்றிவர உருட்டினேன். இவர் என் கையைப் பிடித்திருந்தார். பரந்தன் பக்கம் இரண்டு தரம் அதிர்ந்தது. இங்கே ஒன்றும் இல்லை.

பிறகு குசினிக்குள் போய் அழுதேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். மேலே இருந்து போடுகிறவனிலும் ஆத்திரம், இந்தக் குழித் தண்ணீரிலும் ஆத்திரம். இரண்டில் ஒன்றையாவது நான் வெல்லாமல் விடமாட்டேன்.

நவம்பர் 14, சனி

பிடித்துவிட்டேன்!

காலையில் பங்கரை மறந்துவிட்டு உடுப்புத் தோய்த்தேன். இவருடைய வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டு அலசினேன். கை தவறிக் கூடப் போட்டுவிட்டேன், வேட்டி வானம் மாதிரி வந்துவிட்டது. நீலத் தண்ணீரை வாளியோடு, வழக்கம்போல, வாழைப் பாத்தியில் கொட்டினேன்.

மத்தியானம் பங்கருக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் நீலம். வாழைப் பக்கத்துச் சுவரிலிருந்து, மண் மூட்டைகளுக்கு நடுவால், நீலமாகக் கசிகிறது.

பங்கர் வெட்டியபோது கொத்தி நிரப்பிய இளகின மண் அது. நாங்கள் வாழைக்கு விட்ட அவ்வளவும் அதற்குள்ளால் திரும்பப் பங்கருக்கே போயிருக்கிறது. இரண்டு நாளாக ஒரே தண்ணீரை நான் சுற்றிச் சுற்றி இறைத்திருக்கிறேன். அதுவும் மாரியில், ஒரு சொட்டும் கேட்காத வாழைக்கு!

மேரியக்கா சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டா. "வள்ளத்துக்கை நிண்ட தண்ணியைக் கோலி வள்ளத்துக்கையே ஊத்தினியளோ?"

இவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. வேட்டியைக் காட்டினேன்.

தண்ணீரை ரோட்டோரக் கழிவு வாய்க்காலுக்கு விட வேண்டும். குழாய் எட்டாது. மண்வெட்டி எடுத்து முற்றத்தால் வெட்டினேன். சரிவு வாசல் படலைப் பக்கம்தான், ஆகவே படலைக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால். ஆழமாக.

இவர் ஜன்னலால், "இஞ்சேரும், அண்ணையின்ரை ட்ரக்டர் உள்ளுக்கு வராதே?"

"வராது."

வெட்டி முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பெற்றோல் போத்தலில் கடைசிச் சொட்டு. ஒரே இழுவையில் பிடித்தது. தண்ணீர் முற்றத்தால் ஓடி ரோட்டுக்குப் போய்விட்டது. கை முழுக்கக் கொப்புளம்.

நவம்பர் 15, ஞாயிறு

விடியப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது. காய்ந்திருக்கிறது!! குழிக்குள் மட்டும் ஒரு செம்பளவு. உமியும் சாம்பலும் கொட்டி, மேலே பலகை, மேலே பாய்.

வெயில். மேரியக்கா பூசைக்குப் போய் வந்து கதைத்துக்கொண்டு நின்றா. அத்தான் வந்தார். ட்ரக்டர் படலையில் நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை இது, வாசலிலை வாய்க்கால்?"

பதில் சொல்ல முதல் சத்தம். பிளேன் தாழப் பதிவாக வந்தது. நானும் மேரியக்காவும் இவரைப் பாயோடு தூக்கி இழுத்தோம். எங்களைத் தாண்டிக்கொண்டு வெள்ளை வேட்டி ஒன்று பறந்து பங்கருக்குள் விழுந்தது. அத்தான். குறை சொல்லக்கூடாது, உள்ளே இருந்து தம்பியின் காலைக் கவனமாக வாங்கியது அவர்தான்.

கிட்ட விழுந்தது. பங்கரை மூடிய மரக் குற்றிகளுக்கு மேலிருந்து மண் கொட்டியது. காது அடைத்துவிட்டது. செபமாலையை மேரியக்கா உருட்ட, நான் முருகா முருகா என்றேன். மூலையில் தவளை.

சத்தம் போன பிறகு அத்தான் பாயைத் தடவிப் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்கு."

"ஓம் அத்தான். பொம்பிளை கயிறு இழுத்தது."

இவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் கால் நோகும் என்று காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும்.

வீட்டு ஓடு ஒரு பக்கம் போய்விட்டது. இவர் கட்டில் கிடந்த பக்கம். திரும்பவும் எழுதுகிறேன்: இவர் கட்டில் கிடந்த பக்கம்.

அத்தான் வெறும் பெட்டியோடு திரும்பிப் போனார்.

நவம்பர் 17, செவ்வாய்

இரவு முழுக்க மழை. பங்கரில் குழிக்குள் மட்டும் தண்ணீர். வாளியால் எடுத்தாயிற்று. ஓட்டுக்குக் கிடுகு வைத்தது.

வட்டக்கச்சியிலிருந்து ஆள் வந்தது. அத்தானின் பங்கருக்குள் இடுப்பளவாம். மெசினைக் கொடுத்துவிடட்டாம், பெற்றோல் அவர் தேடி வைத்திருக்கிறாராம், கயிறு இழுக்க அங்கே ஆம்பிளையள் இருக்கினமாம்.

சொல்லிவிட்டேன்: மெசின் தனிய வராது. நானும் மேரியக்காவும் கொண்டுவாறம், நாங்கள்தான் இழுப்பம். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி வாங்கி வைக்கச் சொல்லுங்கோ.