சந்தனம் வைத்த பிஸ்டல்

செப். 25, திங்கள்

ரங்கூனில் வெயில். மாவ்பியில் சுடப் பழகும் திடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கொட்டும் மழை. வேனில் நானும் கோ நைங்கும் (கோ என்றால் அண்ணன்). இரண்டு பேரும் ரத்தினக்கல் கம்பெனியின் கேட் காவல். முதலாளி காரின் முன்சீட்டில் துப்பாக்கியோடு உட்கார ஓர் ஆள் வேண்டுமாம். எங்களில் ஒருவர். அடுத்த வாரம் பரீட்சை.

அந்த வேலையோடு கம்பெனி வளவுக்குள் மாடி அறை. தாகேதாவில் எங்கள் அறைக்குள் இன்றும் கணுக்கால் தண்ணீர். என் மனைவி செல்வி இப்போதே பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள்.

பிஸ்டலைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. இரும்பாக, கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேலே மட்டும் இரும்பு, பிடி முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக். திருவிழாக் கடைச் சாமான் போல. பிடி குட்டை. என் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, அந்தரத்தில் தொங்குகிறது. ஆளுக்கு ஒன்று. என்னுடையதில் பிடியில் ஒரு கீறல்.

வெடிக்காமல் தடுக்கும் பூட்டு எங்கே என்று தேடினேன். இல்லை. விசையின் நடுவே ஒரு சின்ன நாக்கு, அவ்வளவுதான்.

"தானா வெடிச்சிடாதா சயா?"

"விரலை வைக்காட்டா வெடிக்காது. விரலை வைக்காதே."

சயா, அதாவது வாத்தியார், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவது பர்மி. இங்கே என் தமிழில்.

முடிந்ததும் பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் ஆயிற்றே. வலது கையில் நீட்டி, இடது கையை முழங்கையில் வைத்து, தலை குனிந்து, மரியாதையாக. குழல் நேராக அவர் வயிற்றைப் பார்த்தபடி. துள்ளி விலகினார்.

"மரியாதை எல்லாம் தேத்தண்ணி குடுக்கிறப்போ வச்சுக்க!"

இருபது தோட்டா. குறிக் காகிதத்தில் பட்டது மூன்று. நைங்குக்குப் பதினொன்று.

செப். 26, செவ்வாய்

கட்டைவிரல் வீங்கிவிட்டது. மேகசினில் தோட்டா திணிப்பது சுடுவதைவிடக் கஷ்டம். கடைசி இரண்டு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. சுட்டபோது மேல் இரும்பு பின்னால் வந்து கை இடுக்கைக் கடித்துவிட்டது. உயரமாகப் பிடி என்று சொன்னதும் சயாதான், ரொம்ப உயரம் என்று திட்டுவதும் சயாதான்.

சோறு பிசைய முடியவில்லை. மிளகாய் காந்துகிறது. கரண்டியால் சாப்பிட்டேன்.

வாங்க: பிளாஸ்டர், கொசுவத்தி. தையல்காரரிடம் பேன்ட். கைலியில் துப்பாக்கி உறையை மாட்ட முடியாதாம்.

செப். 28, வியாழன்

மழை. எல்லாக் குண்டும் இடது பக்கம் கீழே. நடுவில் ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே சுட்டாலும் இப்படி ஒரே இடத்தில் சுட முடியாது.

"வெடிக்கப் போவுதுன்னு முன்னாடியே பயந்து அமுக்குறே. கை அதுக்கு முன்ன குனியுது."

காலித் துப்பாக்கியின் முன்முனையில் சட்டைப் பட்டனை வைத்தார். அது விழாமல் விசையை அமுக்க வேண்டும். முப்பது தடவை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் சேற்றில் நானே குனிந்து தேடினேன். இந்தப் பிளாஸ்டிக் சனியனைத் தூக்கி வயலில் எறியலாம் போல வந்தது.

ராத்திரி விளக்குமாற்றுக் கட்டையை நீட்டிப் பழகினேன். செல்விக்குச் சிரிப்பு. "கொசுவையாச்சும் சுடுங்க."

செப். 30, சனி

பட்டன் விழவில்லை! பத்துக்கு எட்டு. நைங்குக்கும் எட்டு. சயா திட்டவில்லை, அதுவே பெரிது.

கிளம்பும்போது: "சுட்டாலும் சுடாட்டியும் தினமும் கழட்டித் துடைக்கணும். இது சின்னச் சாமான். தூசி தாங்காது."

பரீட்சை செவ்வாய் என்றார். திங்கள் விஜயதசமி, அன்றே வையுங்கள் என்று கேட்டேன். நைங்குக்கு எந்த நாளும் ஒன்றுதானாம். சரி என்றுவிட்டார்.

அக். 1, ஞாயிறு

ஆயுத பூஜை. கம்பெனி கார் ஷெட்டில். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. கார்கள், ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் வைத்தோம். ஆயுதம் என்று ஒன்று இருக்கும்போது அதை வைக்காமலா? பிஸ்டல்கள் கம்பெனியுடையவை, ராத்திரியில் மேனேஜர் டா கின் அம்மாவின் பெட்டியில். அவரிடம் கெஞ்சி என்னுடையதைக் கேட்டேன். தோட்டா இல்லாமல் எடுத்துத் தந்தார்.

செல்வி அம்மியில் அரைத்துக் கொடுத்த சந்தனம். மேலே மூன்று பொட்டு, இரண்டு பக்கமும் தாராளமாக ஒவ்வொன்று. குங்குமம். அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் துடைக்கப் போனேன். டிரைவர் முனுசாமி அண்ணன் கையைத் தட்டிவிட்டார்.

"பூசையில வச்ச சாமானை இன்னைக்கே தொடுவியாடா? காலையில தீபம் காட்டிட்டு எடு."

சயா சொன்னது நினைவு வந்தது. ஆனாலும் தொடவில்லை.

அக். 2, திங்கள்

வெயில். தீபம் காட்டி எடுத்தேன். மேலே துணியால் துடைத்தேன். கழற்ற நேரமில்லை, வேன் வந்துவிட்டது.

பத்துத் தோட்டா, எட்டுப் பட வேண்டும். முதல் நான்கும் நட்டநடுவில். என் கையா இது என்று இருந்தது. மாடி அறையின் ஜன்னல்கூடக் கண்ணில் வந்தது.

ஐந்தாவது, அமுக்கினேன். ஒன்றும் இல்லை. மேல் இரும்பு முழுசாக மூடாமல் நின்றது. இழுத்துவிட்டேன். திரும்பவும் அப்படியே. இன்னொரு தடவை. நேரம் முடிந்து விசில்.

சயா கழற்றினார். இடுக்கு முழுக்க எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து பிசைந்த மாவாக. சிவப்பு வேறு. விரலில் எடுத்து முகர்ந்தார்.

"என்ன இது?"

"பூசை சயா."

விரலைத் துணியில் துடைத்தார். பிறகு, "சந்தனத்தை சாமிக்கு வை. இதுக்கு எண்ணெய் மட்டும் வை."

நைங்தான் எனக்காகக் கேட்டான்: "கோ ராஜுக்கு இன்னொரு தடவை குடுங்க சயா."

"காரை மறிக்கிறவன் இன்னொரு தடவை குடுப்பானா?"

எனக்கு நான்கு. நைங்குக்கு எட்டு.

அக். 3, செவ்வாய்

கேட். ஒன்பது மணிக்கு முதலாளி கார். முன்சீட்டில் நைங், புதுப் பேன்ட். என்னைப் பார்க்காமல் நேரே பார்த்தபடி போனான். சல்யூட் அடித்தேன். கார் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தையல்காரரிடம் பேன்ட் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் செல்வி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி மக்கர் பண்ணிவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மியைக் கழுவி மூலையில் வைத்தாள்.

"சந்தனம் தண்ணியாப் போயிருச்சோ என்னவோ. அடுத்த வருசம் நல்லாக் கெட்டியா அரைச்சுத் தாரேங்க."

சரி என்றேன்.