ஐநூறாகக் குறைந்த தவணை

வெள்ளி, ராத்திரி

குட்டிச்சாமி, உன் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்றிருந்த வட்டிக்காரர் இன்று வந்தார். நீ தறி வாங்கப் பணம் கொடுத்தவர்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வாரம் ஆயிரம் என்னால முடியாதுங்க. ஐநூறாக் கொறச்சுக்கோங்க."

கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். உடனே சரி என்றார். வண்டியை எடுக்கும்போது சொன்னார்.

"தம்பியும் இதையேதானுங்க்கா கேட்டான். அம்மாகிட்டச் சொல்லிராதீங்கன்னான். நாந்தான் முடியாதுன்னுட்டேன்."

அதனால்தான் ராப்பகலாகத் தறி ஓட்டினாயா? வேலை நிறைய வருகிறது என்றாய், நம்பினேன். தூக்கக் கண்ணோடு பைக்கில் போய் விழுந்தாய்.

என் தோடு காதில்தானே கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கழற்றித் தந்திருக்க மாட்டேனா சாமி?